டென்னிஸில் யாருக்கு எந்த கோர்ட், எத்தனை மணிக்கு ஆட்டம் என்று முடிவு செய்வது யார்?

ஓமலூர் முரளி கேட்டது:

2024 பிரெஞ்ச் ஓப்பனில் ஜோகோவிச் – முசெட்டி மூன்றாவது சுற்று ஆட்டத்தை நேரலையில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நம்ம நேரப்படி இரவு 2 மணிக்கு மேல்தான் தொடங்கியது. முடியும்போது காலை 6.37. அம்மா வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்துவிட்டார், நான் இன்னும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். நமக்காவது விடிந்துவிட்டது. பாரிஸில் அப்போது அதிகாலை 3.07. பிரெஞ்ச் ஓப்பன் நடக்கும் ரோலண்ட் காரோஸில் அதுவரை எந்த ஆட்டமும் அவ்வளவு நேரம் கழித்து முடிந்ததில்லை.

அன்று விடிந்தது ஞாயிறு. திங்கட்கிழமை செருண்டோலோவோடு மறுபடி ஐந்து செட், 4 மணி 39 நிமிடம். அதில் வலது முழங்காலில் மெனிஸ்கஸ் என்கிற குருத்தெலும்பு கிழிந்து, செவ்வாயன்று ஜோகோவிச் போட்டியிலிருந்தே விலகிவிட்டார். இரவு ஆட்டத்தால்தான் காயம் என்று அடித்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் 37 வயதான ஒருவரை அதிகாலை 3 மணி வரை ஓடவிட யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார் இல்லையா? அந்த யாரோ யார்?

செய்திகளில் தேடினால் ஒரு இடத்தில் டோர்னமென்ட் டைரக்டர் பதில் சொல்கிறார், இன்னொரு இடத்தில் ரெஃப்ரி என்கிறார்கள், ரசிகர்கள் ஆண்கள் டென்னிஸ் சுற்றை நடத்தும் ஏடிபி-யைத் திட்டுகிறார்கள். வீரர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பேஸ்லைன் பாபு எழுதியது:

முரளி, காசு யார் கொடுக்கிறார்களோ அவர்கள்தான். அதாவது டிவி.

யூஎஸ் ஓப்பனில் சூப்பர் சாட்டர்டே என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கா? 1984-இல் ஆரம்பித்தது. ஆண்கள் அரையிறுதி இரண்டும் சனிக்கிழமை, இறுதி ஆட்டம் ஞாயிறு. நடுவே ஒரு நாள் ஓய்வுகூடக் கிடையாது. சிபிஎஸ் சேனலின் வாரக்கடைசி ஒளிபரப்புக்கு அது தோதாக இருந்தது. வீரர்கள் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 2008 முதல் 2012 வரை தொடர்ந்து ஐந்து வருடம் மழையால் இறுதி ஆட்டம் திங்கட்கிழமைக்குப் போனது. அப்புறம் இரண்டு வருடம் திங்கட்கிழமை என்றே அறிவித்து நடத்தினார்கள். ஈஎஸ்பிஎன் கைக்கு ஒளிபரப்பு முழுசாக வந்த 2015-இல்தான் வெள்ளி அரையிறுதி, ஞாயிறு இறுதி என்று ஒழுங்குக்கு வந்தது. வீரர் சொல்லி மாறாதது சேனல் மாறியபோது மாறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?


வெள்ளை பேட்ஜ் எழுதியது:

பாபு சொன்னது உண்மை. ஆனால் முரளி கேட்ட கேள்விக்கு அது பாதி பதில்தான். மீதியை நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

நான் ஐடிஎஃப், அதாவது சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் போட்டிகளில் ரெஃப்ரியாக வேலை பார்ப்பவள். என் தகுதி வெள்ளை பேட்ஜ். அதற்கு மேல் சில்வர், கோல்டு இருக்கிறது. கிராண்ட்ஸ்லாம் ரெஃப்ரி அலுவலகம் எனக்கு வெகுதூரம். ஆனால் மறுநாள் ஆட்ட வரிசையை, அதாவது நாங்கள் ஆர்டர் ஆஃப் பிளே என்று சொல்கிற தாளை, போடுகிற வேலை எனக்குத் தெரியும்.

எம்15 போட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தொழில்முறை டென்னிஸின் முதல் படி அது. டிக்கெட் கிடையாது, பெரிய சேனல் எதுவும் வராது. சாயங்காலம் கடைசி ஆட்டங்கள் முடிகிற நேரத்தில் நான் டிராவை, அதாவது யார் யாரோடு மோதுகிறார் என்ற பட்டியலை, விரித்து வைத்துக்கொண்டு உட்காருவேன். முதலில் பார்ப்பது, டிராவின் ஒரே பாதியில் இருப்பவர்கள் ஒரே நாளில் ஆடுகிறார்களா என்பதை. அடுத்த சுற்றில் மோதப்போகிற இரண்டு பேரில் ஒருவருக்கு ஒரு நாள் ஓய்வும் இன்னொருவருக்கு ஒன்றுமில்லாமலும் போகக்கூடாது. அப்புறம், இன்று கடைசியாக ஆடி முடித்தவர் நாளை முதல் ஆட்டத்தில் வரக்கூடாது. இடையில் 12 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்பது கணக்கு. சிங்கிள்ஸும் டபுள்ஸும் ஆடுபவருக்கு ஒரே நாளில் இரண்டும் வந்தால் சிங்கிள்ஸ் முதலில். அதை முடித்ததும் அவர் மூச்சு வாங்கவும் நேரம் கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆடியிருந்தால் ஒன்றரை மணி நேரம் ஓய்வு. எந்த கோர்ட்டில் லைட் சரியில்லை, எந்த கோர்ட்டில் மழைத் தண்ணீர் வடிய நேரமாகும் என்பதெல்லாம் இதற்குள் வந்துவிடும். டபுள்ஸில் தோற்றால் ராத்திரி ரயிலைப் பிடித்து அடுத்த ஊருக்குப் போக வேண்டியவர்கள் வந்து கெஞ்சுவார்கள். முடிந்தால் செய்வேன். ஆனால் அது கோரிக்கைதான், உரிமை இல்லை. உலகத்தின் முதல் இடத்தில் இருப்பவருக்கும் அதே விதிதான். கேட்கலாம், கொடுத்தே ஆகவேண்டும் என்று இல்லை.

எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டு ஒட்டினால் அதுதான் முடிவு. மாற்றச் சொல்லி மேலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். பரிசுப் பணம் மிகக் குறைவாக இருக்கிற இடத்தில்தான் ஆட்ட வரிசை மிக நியாயமாக அமைகிறது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அங்கே எங்களிடம் எதையும் முன்கூட்டியே விற்றுவிட்டு யாரும் வருவதில்லை, அதனால்தான்.

ஏடிபி போட்டிக்கு வந்தால் அதே தாளுக்கு ஒரு கூட்டம் நடக்கும். ஏடிபி அனுப்பிய சூப்பர்வைசர், டோர்னமென்ட் டைரக்டர், ஒளிபரப்பு ஆள், வீரர்கள் பக்கத்து விஷயங்களைக் கவனிக்கும் டூர் மேனேஜர் எல்லாரும் உட்காருவார்கள். பெண்கள் போட்டியும் சேர்ந்து நடந்தால் பெண்கள் சுற்றை நடத்தும் டபிள்யூடிஏ-வின் சூப்பர்வைசரும் வருவார். உள்ளூர் வீரர் சாயங்காலம் ஆடட்டும் என்பார் டைரக்டர். இந்த ஆட்டம் எனக்கு 7 மணிக்கு வேண்டும் என்பார் ஒளிபரப்புக்காரர். ஓய்வுக் கணக்கு இடித்தால் முடியாது என்று சொல்லும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு உண்டு.

கிராண்ட்ஸ்லாம் தனி ராஜ்ஜியம். ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்ச் ஓப்பன், விம்பிள்டன், யூஎஸ் ஓப்பன் நான்கும் தனித்தனி அமைப்புகளின் சொத்து. அங்கே ஏடிபி-க்கோ டபிள்யூடிஏ-வுக்கோ ஆட்ட வரிசையில் அதிகாரம் இல்லை. அதனால் பிரெஞ்ச் ஓப்பனுக்காக ஏடிபி-யைத் திட்டுவது வீண். அங்கே தாள் ரெஃப்ரி அலுவலகத்திலிருந்து வரும். அதற்குப் பின்னால் டோர்னமென்ட் டைரக்டர் அமெலி மொரெஸ்மோ, அவருக்குப் பின்னால் பிரெஞ்சு டென்னிஸ் கூட்டமைப்பு.

இப்போது அந்த ராத்திரிக்கு வருவோம். 2024 ஜூன் 1, சனிக்கிழமை. மழையால் ஆட்டங்கள் தேங்கிக் கிடந்தன. திமித்ரோவ் – பெர்க்ஸ் ஆட்டத்தைக் கூரை உள்ள பிலிப் சாட்ரியே கோர்ட்டுக்கு மாற்றி, ஜோகோவிச் ஆட்டத்துக்கு முன்னால் நுழைத்தார்கள். அது நாலு செட் இழுத்தது. 8.15-க்குத் தொடங்க வேண்டிய இரவு ஆட்டம் 10.30 தாண்டித் தொடங்கியது. முசெட்டி அதை ஐந்து செட்டுக்குக் கொண்டுபோனார்.

ரெஃப்ரியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். ஜோகோவிச் ஆட்டத்தை வேறு கோர்ட்டுக்கு மாற்றலாமா? இரவு ஆட்டத்துக்கென்று தனி டிக்கெட் வாங்கியவர்கள் சாட்ரியேயில் இருக்கிறார்கள். அவர்களுக்கு அன்று இருப்பது அந்த ஒரே ஆட்டம். ஞாயிற்றுக்குத் தள்ளலாமா? அப்படியானால் ஞாயிறும் திங்களும் தொடர்ந்து ஐந்து செட் ஆட்டம். திமித்ரோவ் ஆட்டத்தைத் தள்ளலாமா? அதே கஷ்டம் அவருக்கும் பெர்க்ஸுக்கும் வரும். எல்லா வழியிலும் யாரோ ஒருவர் தலையில் விடியும். இதில் என் கருத்து: இரவு ஆட்டத்துக்கு முன்னால் இன்னொரு ஆண்கள் ஆட்டத்தை நுழைத்ததுதான் தவறான தேர்வு. பகலில் தேங்கியதன் சுமையைப் பகலில் ஆட வேண்டியவர்களோடு நிறுத்தாமல் ராத்திரி ஆடுபவர்கள் மேலும் ஏற்றிவிட்டார்கள். ஜோகோவிச்சும் வேறு விதமாகச் சில விஷயங்களைக் கையாண்டிருக்கலாம் என்ற அளவில் சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஆனால் அந்த ரெஃப்ரியின் வழிகளை அவ்வளவு குறுக்கியது எது? இரவு ஆட்டம் என்ற ஒரு பொட்டலத்தை 2021 முதல் தனியாக விற்கிறார்கள். டிக்கெட் தனி. பிரான்சில் அதன் ஒளிபரப்பு உரிமையும் தனியாக அமேசான் பிரைமுக்குப் போனது. எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை ஆட்டம், எந்த கோர்ட் என்பதெல்லாம் டிரா போடுவதற்கு எத்தனையோ மாதம் முன்பே முடிவாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் கட்டங்களில் பெயர்களை நிரப்புவதுதான் ரெஃப்ரிக்கு விடப்பட்டது. தாளில் இருக்கும் கையெழுத்து அவருடையது. கட்டம் போட்டவர்கள் வேறு. முரளி, நீங்கள் தேடும் ஆள் அங்கே இருக்கிறார்.


ஓமலூர் முரளி எழுதியது:

மேடம், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. ஒரு சந்தேகம். 12 மணி நேர ஓய்வு விதி இருக்கிறது என்றால் 2023 பாரிஸ் மாஸ்டர்ஸில் சின்னர் விலகியது எப்படி? அது ஏடிபி போட்டிதானே?


வெள்ளை பேட்ஜ் எழுதியது:

நல்ல கேள்வி. விதியை மீறாமலேயே ஒருவரைப் படுத்த முடியும் என்பதற்கு அதுதான் உதாரணம்.

மெக்கென்சி மெக்டொனால்டோடு சின்னர் ஆடிய ஆட்டம் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கியது. முடிந்தது அதிகாலை 2.37. அடுத்த ஆட்டம் டி மினோருடன் அன்றே மாலை 5 மணிக்கு. கணக்குப் போட்டால் 14 மணி நேரத்துக்கு மேல் வருகிறது, விதி சரியாக இருக்கிறது. ஆனால் ஆட்டம் முடிந்தவுடன் யாரும் தூங்கப் போவதில்லை. உடம்பு ஆறவேண்டும், மசாஜ், பத்திரிகையாளர் சந்திப்பு, சாப்பாடு, ஹோட்டலுக்குக் கார். எனக்குத் தெரிந்த வீரர்கள் ராத்திரி ஆட்டத்துக்கு அப்புறம் விடியும் வரை கண் மூட முடியாது என்பார்கள். சின்னர் ஆடாமல் விலகினார். காஸ்பர் ரூட் ஏடிபி-யைப் பகிரங்கமாகவே கண்டித்து எழுதினார்.

அதே வருடம் ஆகஸ்டில் மான்ட்ரியலில் ரிபாகினா – கசத்கினா காலிறுதி அதிகாலை 3 மணியை ஒட்டி முடிந்தது. அதற்கு முந்தைய வருடம் அகபுல்கோவில் ஸ்வெரெவ் – ப்ரூக்ஸ்பி முதல் சுற்று ஆட்டம் 4.54 வரை போனது. இப்படி அடுக்கடுக்காக வந்த பிறகுதான் ஏடிபி-யும் டபிள்யூடிஏ-வும் சேர்ந்து 2024 ஜனவரியில் விதியை மாற்றின. இரவு 11 மணிக்கு மேல் எந்த ஆட்டமும் தொடங்கக்கூடாது. 10.30-க்குள் ஒரு கோர்ட்டில் தொடங்க முடியாது என்றால் வேறு கோர்ட்டுக்கு மாற்ற வேண்டும். ஒரு கோர்ட்டில் ஒரு நாளைக்கு ஐந்து ஆட்டங்களுக்கு மேல் வேண்டாம், பகலில் மூன்று, இரவில் இரண்டு. இரவுப் பகுதி 7.30-க்குப் பிறகு தொடங்கக்கூடாது, 6.30 என்றால் நல்லது. விதிவிலக்கு தேவைப்பட்டால் சூப்பர்வைசர் அனுமதிக்க வேண்டும்.

கவனித்தீர்களா? ஓய்வு நேரத்தைக் கூட்டவில்லை, கட்டங்களைக் குறைத்தார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்று புரிந்து எழுதிய விதி இது. ஆனால் கிராண்ட்ஸ்லாம்களை இது கட்டுப்படுத்தாது. அதே மாதம் மெல்போர்னில், ஆஸ்திரேலிய ஓப்பனில், பிளிங்கோவா – ரிபாகினா ஆட்டத்தின் கடைசி டை பிரேக் 22-20 வரை போனது. அதற்கு அடுத்து அதே கோர்ட்டில் ஆடவேண்டிய மெட்வெடெவ், ரூசுவுவோரியை வென்று முடித்தபோது அதிகாலை 3.39. அதற்கு ஒரு வருடம் முன்புதான் மர்ரி – கொக்கினாகிஸ் ஆட்டம் 4.05-க்கு முடிந்து அவ்வளவு சத்தம் போட்டார்கள். ஒன்றும் செய்யாமல் இல்லை. போட்டியை ஒரு நாள் முன்னதாக ஞாயிறன்று தொடங்கினார்கள், அங்கே பிரதான அரங்கான ராட் லேவரில் பகல் ஆட்டங்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். ராத்திரிக்கு இரண்டு ஆட்டம் என்பதை மட்டும் தொடவில்லை.

அந்த நேரத்தில் கோர்ட்டில் இருப்பது வீரர்கள் மட்டும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பந்து பொறுக்கும் பிள்ளைகள், சேர் அம்பயர், பிசியோ, கார் ஓட்டுபவர்கள், கேலரியைச் சுத்தம் செய்பவர்கள். இவர்களை யாரும் பேட்டி எடுப்பதில்லை.


திருச்சி தேவி எழுதியது:

நான் வேறு பக்கத்திலிருந்து கேட்கிறேன். பிரெஞ்ச் ஓப்பனின் அந்த இரவு ஆட்டத்தில் பெண்களைப் போடுவதே இல்லையே, அதற்கு யார் பொறுப்பு? 2023-இல் சபலென்கா – ஸ்டீபன்ஸ் ஒன்று. 2024-இல் ஒன்றுகூட இல்லை, 2025-இலும் இல்லை. ஓன்ஸ் ஜபேர் வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். ராத்திரி லேட்டாகிறது என்று எல்லாரும் பேசுகிறோம். எங்களுக்கு அந்த லேட்டான ஆட்டம்கூட கிடைப்பதில்லை.


வெள்ளை பேட்ஜ் எழுதியது:

தேவி, இதை ரெஃப்ரி தலையில் கட்டவே முடியாது. நிர்வாகத்தின் முடிவு இது. டைரக்டர் மொரெஸ்மோ சொல்லும் காரணம்: இரவில் ஒரே ஒரு ஆட்டம்தான். பெண்கள் ஆட்டம் மூன்று செட்டுக்குள் முடிந்துவிடும், இரண்டு நேர் செட்டில் ஒரு மணி நேரத்தில்கூட முடியலாம், டிக்கெட் வாங்கியவருக்கு அது போதாது.

இந்தக் காரணத்தை நான் ஏற்கவில்லை. ஆண்கள் ஆட்டமும் மூன்று நேர் செட்டில் சப்பென்று முடிந்த இரவுகள் உண்டு. யாரும் பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஒரு ஆட்டம்தான் என்று தாங்களே கட்டம் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்துக்குப் பெண்கள் ஆட்டம் சின்னது என்று சொல்வது என்ன நியாயம்? நியூயார்க்கிலும் மெல்போர்னிலும் இரவில் இரண்டு ஆட்டம், பெரும்பாலும் பெண்கள் ஒன்று ஆண்கள் ஒன்று. அங்கே பெண்களுக்கு இடம் கிடைக்கிறது, ஆனால் இரண்டாவது ஆட்டம் நள்ளிரவைத் தாண்டுகிறது. பாரிஸில் மாலை 6.30-க்குப் பெண்கள் ஆட்டத்தைத் தொடங்கி, அதை முடித்துவிட்டு ஆண்கள் ஆட்டம் என்று வைத்தால் பகலில் ஒரு ஆட்டத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். குறைக்கட்டும். பகல் டிக்கெட்டில் ஒரு ஆட்டம் குறைவதைவிட இந்த நிலைமை மோசம்.

ஒரு வீராங்கனை எந்த கோர்ட்டில், எந்த நேரத்தில் ஆடுகிறாள் என்பதில் அவளுக்குக் கிடைக்கும் ஸ்பான்சர் இருக்கிறது, ஊரில் எத்தனை சின்னப் பெண்கள் அவளைப் பார்த்து ராக்கெட்டைக் கையில் எடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. சும்மா ஒரு நேரப் பட்டியல் இல்லை இது.


லண்டன் குமரன் எழுதியது:

விம்பிள்டனை யாரும் சொல்லவில்லையே. நான் விம்பிள்டன் அமைந்திருக்கும் மெர்ட்டன் பகுதியில்தான் இருக்கிறேன். 2009-இல் சென்டர் கோர்ட்டுக்குக் கூரை வந்தபோது, இரவு 11 மணிக்கு மேல் ஆட்டம் கூடாது என்று இங்கே உள்ள கவுன்சில் நிபந்தனை போட்டது. குடியிருப்புப் பகுதி, ஜனங்கள் வீடு போய்ச் சேர ரயில் வேண்டும், அதுதான் காரணம். 2012-இல் மர்ரி – பாக்தாதிஸ் ஆட்டத்தை 11.02 வரை விட்டார்கள். 2018-இல் ஆண்டர்சன் – இஸ்னர் அரையிறுதி 6 மணி 36 நிமிடம் இழுத்ததால் நடால் – ஜோகோவிச் ஆட்டத்தை 11 மணியை ஒட்டி நிறுத்தி மறுநாள் தொடர்ந்தார்கள். 2023-இல் மர்ரி – சிட்சிபாஸ் 10.40-க்கே நின்றது. நிறுத்தும்போது அரங்கமே கூச்சல் போடும். ஆனாலும் நான் கவுன்சில் பக்கம்தான். போட்டிக்கு வெளியே இருக்கும் ஒருவர் கோடு போட்டால்தான் அது நிற்கிறது.


வெள்ளை பேட்ஜ் எழுதியது:

குமரன், நானும் உங்கள் கட்சிதான். ஆனால் கோடு இருந்தாலும் ரெஃப்ரியின் கை தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. 2017-இல் நடால் – முல்லர் ஆட்டம் ஒன்றாம் கோர்ட்டில் ஐந்தாவது செட் 15-13 வரை போனது, 4 மணி 48 நிமிடம். அதற்கு அடுத்து ஜோகோவிச் – மன்னாரினோ. சென்டர் கோர்ட்டில் ஆட்டங்கள் முடிந்து, கூரையோடு காலியாக இருந்தது. அங்கே மாற்றியிருக்கலாம். அத்தனை கூட்டம் வளாகத்துக்குள் இருக்கும்போது ஆட்களை இடம் மாற்றுவது பாதுகாப்பு இல்லை என்று சொல்லி மறுநாளுக்குத் தள்ளினார்கள். ஜோகோவிச் செவ்வாயும் புதனும் தொடர்ந்து ஆடினார், புதனன்று பெர்டிச்சுக்கு எதிராக முழங்கை வலியால் பாதியில் விலகினார். இங்கே டிவியும் இல்லை, இரவு டிக்கெட்டும் இல்லை. முழுக்க முழுக்க அன்று களத்தில் எடுத்த முடிவு. அதற்கு ரெஃப்ரியும் நிர்வாகமும்தான் பதில் சொல்ல வேண்டும், என் பார்வையில் அது சரியான முடிவு இல்லை.

அதனால் முரளி, அடுத்த முறை கோபம் வந்தால் ஒன்று பாருங்கள். அன்று காலையில் வேறு விதமாக முடிவு செய்ய வழி இருந்ததா? இருந்தால் ரெஃப்ரியைக் கேளுங்கள். இல்லை என்றால் டிக்கெட் விற்பனை தொடங்கிய நாளில் போட்டி நிர்வாகம் என்ன அறிவித்தது என்று தேடிப் பாருங்கள்.


ஓமலூர் முரளி எழுதியது:

புரிந்தது மேடம். கடைசியாக ஒன்று. ஆர்டர் ஆஃப் பிளேயில் நாட் பிஃபோர் 7 மணி என்று போட்டிருந்தால் 7-க்கே தொடங்கும் என்று நம்பலாமா? அலாரம் வைத்துத்தான் எழுந்திருக்கிறேன்.


வெள்ளை பேட்ஜ் எழுதியது:

7-க்கு முன்னால் தொடங்காது என்பது மட்டும்தான் உறுதி. அதே கோர்ட்டில் முந்தைய ஆட்டம் முடியாவிட்டால் எவ்வளவு நேரமும் தள்ளிப் போகும். அலாரம் அடித்ததும் டிவியைப் போடாமல் அந்த கோர்ட்டின் லைவ் ஸ்கோரைப் பாருங்கள். முந்தையது ஆண்கள் ஐந்து செட் ஆட்டமாக இருந்து, இரண்டாவது செட் நடந்துகொண்டிருந்தால் தாராளமாக இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.